4.63 பெரியதா, 4.8 பெரியதா: ஏழாம் வகுப்பில் தசம எண்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில், இரண்டாம் பருவத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கணக்கு எடுப்பவர் ஒரு பட்டதாரி ஆசிரியை, பல ஆண்டு அனுபவம் உள்ளவர். நான் அதே பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பெரும்பகுதியை வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டேன். சில பாடவேளைகளை இருவரும் சேர்ந்தே எடுத்தோம். பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள் யாருடைய பெயரும் இதில் வராது.

வகுப்பில் முப்பதுக்குச் சற்றுக் கூடுதலான பிள்ளைகள். பெற்றோரில் பலர் விசைத்தறித் தொழிலாளர்கள். கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளும் நிறைய. ஒரு மாணவியின் வீட்டில் மளிகைக் கடை. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஓரளவு வரும், ஆறாம் வகுப்பில் பின்னம் படித்திருக்கிறார்கள். காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்தால் கணக்கில் பின்தங்கிய வகுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தசம எண்களை நடத்த எப்போதும் ஒதுக்கும் நாட்களையே அவர் இந்த முறையும் ஒதுக்கியிருந்தார். இடமதிப்பு அட்டவணை, ஒப்பிடுதல், எண்கோடு, அப்புறம் கூட்டல் கழித்தல் என்று பாடத்திட்டம் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

முதலில் கண்ணில் பட்டது

வகுப்பறையில் அல்ல, விளையாட்டு மைதானத்தில்தான் இது தொடங்கியது. குறுவட்டப் போட்டிக்கு நீளம் தாண்டுதலில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அளவு நாடாவைப் பிடித்தவர்களும் நோட்டில் எழுதியவர்களும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே. ஒருவன் 3 மீட்டர் 65 சென்டிமீட்டர் தாண்டினான். 3.65 என்று எழுதினார்கள். இன்னொருவன் தாண்டியது 3 மீட்டர் 8 சென்டிமீட்டர். அதை 3.8 என்று எழுதினார்கள். பிறகு எல்லாரும் பட்டியலைப் பார்த்து, 3.65தான் அதிகம் என்று ஒருமனதாக முதல் பையனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்வானவன் சரியான பையன்தான். 3.08 என்று எழுத வேண்டியதை 3.8 என்று எழுதியது ஒரு தவறு, 3.8ஐ விட 3.65 பெரியது என்று படித்தது இன்னொரு தவறு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டதால் முடிவு சரியாக வந்தது. பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் நோட்டைச் சரிபார்க்கும்போது இதைக் கண்டு, சிரிக்காமல், நேராக ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்து காட்டினார். இதற்காக அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அவர் எண்ணை மட்டும் திருத்திவிட்டுப் போயிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

கணக்கு ஆசிரியைக்கு அந்தப் பக்கத்தில் உறுத்தியது ஒன்றுதான். வகுப்பில் யாருமே மறுத்துப் பேசவில்லை. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

பாடம் தொடங்கும் முன் ஒரு சிறு தேர்வு

அடுத்த கணக்குப் பாடவேளையில் புத்தகத்தைத் திறக்காமல், இரண்டிரண்டாகச் சில எண்களைக் கரும்பலகையில் எழுதி, பெரியதை வட்டமிடச் சொன்னார். மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இணைகளை இருவரும் முந்தைய மாலை உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருந்தோம். 4.8, 4.63. 5.736, 5.62. 0.3, 0.47. 4.7, 4.08. 0.4, 0.40. 17.35, 17.353.

இணைகளை ஏன் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். 0.7, 0.3 என்று ஒரே நீளமுள்ள இரண்டு எண்களைக் கொடுத்தால் புள்ளியே தெரியாத பிள்ளையும் சரியாக எழுதும், ஏனென்றால் மூன்றை விட ஏழு பெரியது. 4.63, 4.8 என்று கொடுத்தால் ஒரு வகைத் தவறு வெளியே வரும், 5.736, 5.62 என்று கொடுத்தால் அதே பிள்ளை தவறான காரணத்தோடு சரியான விடை எழுதும். பயிற்சிக் கணக்குகளில் எந்த வகை அதிகமோ அதைப் பொறுத்தே ஒரு பிள்ளைக்குத் தசமம் ‘தெரியும்’ அல்லது ‘தெரியாது’ என்று ஆகிவிடுகிறது.

இந்த யோசனைக்கு முன்னோடிகள் உண்டு. 1989இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லாரன் ரெஸ்னிக்கும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்ஸ் ஆகிய மூன்று நாட்டுப் பிள்ளைகளிடம் இதே போன்ற ஒப்பீடுகளைக் கொடுத்து, தவறுகள் ஏனோதானோவென்று வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிள்ளை வைத்திருக்கும் ஒரு விதி இருக்கிறது என்று காட்டினார்கள். பின்னர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் கேய் ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் அந்த விதிகளை ‘நீளமானது பெரியது’ (புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினால் எண் பெரியது), ‘குட்டையானது பெரியது’ (இலக்கம் குறைந்தால் பெரியது) என்று வகைப்படுத்தி, ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அதனால்தான், எத்தனை சரி என்று எண்ணாமல், எந்தெந்த இணையில் யார் தவறினார் என்று பார்த்தோம்.

தாள்களைப் பிரித்தபோது வகுப்பில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு தவறான விதியில் இருந்தது. ஆனால் தாளை மட்டும் பார்த்தால் விதி தெரியாது. ஆசிரியை மதிய உணவு நேரத்தில் நான்கைந்து பேராகக் கூப்பிட்டு, ‘எப்படி இதைக் கண்டுபிடிச்சே, சொல்லு’ என்று மட்டும் கேட்டார். சரி, தப்பு என்று எதுவும் சொல்லவில்லை. இதுதான் இந்த நிகழ்வில் மிகவும் பயன் தந்த அரைமணி நேரங்கள் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் சொன்ன காரணங்கள்

பெரும்பாலோர் சொன்னது எதிர்பார்த்ததுதான். “எட்டை விட அறுபத்து மூணுதானுங்க டீச்சர் பெருசு.” புள்ளிக்குப் பின்னால் வருவதைத் தனி முழு எண்ணாகப் படிக்கிறார்கள். அந்த எண்ணை வீட்டிலும் வகுப்பிலும் ‘நாலு புள்ளி அறுபத்து மூணு’ என்றே கேட்டு வளர்ந்தவர்கள்.

சிலர் இதற்கு நேர் எதிர். 0.47ஐ விட 0.3 பெரியது, 5.736ஐ விட 5.62 பெரியது. இவர்களில் வகுப்பின் முதல் இரண்டு இடங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவனும் இருந்தான். அவன் விளக்கம் தெளிவாக இருந்தது: “பத்தாப் பிரிச்சா துண்டு பெருசுங்க. நூறாப் பிரிச்சா துண்டு சின்னது. அப்போ பத்துல வர்றதுதானே பெருசு?” துண்டின் அளவைப் பற்றி அவன் சொன்னது முழுக்கச் சரி. எத்தனை துண்டு என்பதை மட்டும் விட்டுவிட்டான். ஆறாம் வகுப்பில் பின்னத்தை நன்றாகப் படித்ததால் வந்த தவறு இது.

மூன்றாவது வகையைத் தாள் எங்களுக்குக் காட்டவே இல்லை, பேச்சில்தான் வந்தது. 0.7, 0.8, 0.9 என்று எண்ணிக்கொண்டே போகச் சொன்னபோது ஒரு மாணவி 0.9க்கு அப்புறம் 0.10, 0.11 என்று போனாள். அவளுக்குப் புள்ளி என்பது இரண்டு எண்களைப் பிரிக்கும் கோடு. இடப்பக்கம் மீட்டர், வலப்பக்கம் சென்டிமீட்டர். நீளம் தாண்டுதல் நோட்டில் 3.8 எழுதிய கையும் இதே வகை. உடனே இன்னொரு பையன் அவளை மறுத்தான். எண்ணும்போது 4.5க்கு அடுத்தது 5 என்றான். “4.6ன்னு ஒன்னு கிடையாதுங்க டீச்சர். ஆறு பால் போட்டா ஓவர் முடிஞ்சுது.” தொலைக்காட்சியில் அவன் தினமும் பார்க்கும் புள்ளி அதுதான். கிரிக்கெட் ஓவரில் புள்ளி, காலை 7.30 மணியில் புள்ளி, 12.10 என்ற தேதியில் புள்ளி, கணக்குப் புத்தகத்தில் பயிற்சி 1.3 என்ற தலைப்பில் கூடப் புள்ளி. இவை எதுவும் தசமம் அல்ல. பிள்ளை ஒரு நாளில் பார்க்கும் புள்ளிகளில் பெரும்பாலானவை பிரிக்கும் புள்ளிகளே. அப்படியிருக்க, அதையே விதியாக எடுத்துக்கொண்டதில் குறைசொல்ல என்ன இருக்கிறது?

மளிகைக் கடை வீட்டு மாணவி சொன்னது எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பேசவிடாமல் செய்தது. மின்னணுத் தராசில் எடைபோட்டுப் பழகியவள். கால் கிலோ 0.250, அரைக் கிலோ 0.500, முக்கால் 0.750. கண்ணால் பார்த்ததுமே சொல்வாள். ஆகவே தசமத்தில் இவள் முன்னே இருப்பாள் என்று எண்ணியிருந்தோம். 0.25 எவ்வளவு என்று கேட்டபோது, “இருபத்தஞ்சு கிராம்” என்றாள். தராசு எப்போதும் மூன்று இலக்கம் காட்டுவதால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கிராமாகவே படித்துவந்திருக்கிறாள். 0.500க்கும் 0.75க்கும் எது அதிகம் என்றால் 0.500 என்றாள். அன்றாட அனுபவத்திலிருந்து தொடங்கினால் கணக்கு எளிதாகிவிடும் என்று பயிற்சிகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்த அனுபவத்தில் பிள்ளை எந்த விதியைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பார்க்காமல் அதன் மேல் கட்டினால், தவறும் கூடவே எழும்பும்.

கடைசியாக ஒரு சிறு குழு, எல்லா இணைகளையும் சரியாக எழுதியவர்கள். டியூஷனில் கற்ற விதி அவர்களுக்குத் தெரியும்: குறைவாக உள்ள எண்ணுக்குப் பின்னால் பூஜ்ஜியம் போட்டு இலக்கங்களைச் சமமாக்கு. 4.80, 4.63. அப்போது 80 பெரியது. 0.4க்கும் 0.5க்கும் நடுவில் ஏதாவது எண் உண்டா என்று அவர்களைக் கேட்டபோது இருவர் மட்டும் உண்டு என்றார்கள். மற்றவர்கள், “நடுவுல எதுவும் இல்லைங்க.”

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பூஜ்ஜியம் சேர்க்கும் விதியை இப்போதைக்குக் கற்றுத்தருவதில்லை. இதில்தான் எங்களுக்குள் வாதம் நடந்தது. அந்த விதி ஒரே நாளில் விடையைச் சரியாக்கிவிடும், தேர்வுக்கும் போதும். ஆசிரியையின் பதில் இது: அந்த விதி இரண்டு தசமங்களையும் முழு எண்களாக மாற்றிவிடுகிறது, பிள்ளை பழைய பழக்கத்தை விடாமலேயே சரியான விடைக்குப் போய்விடுகிறது. பிறகு பெருக்கலில் புள்ளி எங்கே வர வேண்டும் என்ற கேள்வி எழும்போது கையில் ஒன்றும் இருக்காது. தலைமை ஆசிரியர் போர்ஷனைப் பற்றிக் கவலைப்பட்டார், நியாயமான கவலைதான். அறிவியலில் அளவீடு செய்து பார்க்கும் வேலைகளை இதோடு இணைத்து என் பாடவேளைகளில் சிலவற்றைத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு சரி என்றார்.

இரண்டாவது, பணத்தை உதாரணமாகக் கொண்டு தொடங்குவதில்லை. பணத்தில் இரண்டு இலக்கத்துக்கு மேல் போக முடியாது. 17.353ம் 17.35ம் சமம் என்று எழுதிய பிள்ளைகளின் விளக்கத்தில் ரூபாயும் பைசாவும்தான் இருந்தன. தவிர, ரூபாய், பைசா என்று இரண்டு தனி அலகுகளாகவே அதை எல்லாரும் படிக்கிறோம். இன்னொன்றும் உண்டு. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. இந்த வகுப்புப் பிள்ளைகள் பைசாவைக் கையில் வாங்கியதே இல்லை.

மூன்றாவது, புத்தகத்தில் உள்ள நூறு கட்டச் சதுரத்துக்குப் பதில் நீளத்தை எடுத்துக்கொள்வது. கட்டங்களில் 0.63 என்றால் பிள்ளை அறுபத்து மூன்று கட்டங்களை எண்ணி வண்ணமடிக்கும், மறுபடியும் முழு எண். நீளத்தில் எண்ணாமலே எது பெரியது என்று தெரியும். ஸ்டேசியின் குழு இதற்காகக் குழாய்த் துண்டுகளைப் பயன்படுத்தியிருக்கிறது. எங்களுக்கு அது எட்டக்கூடிய பொருள்தான்: வயரிங் வேலைக்கு வாங்கும் பிளாஸ்டிக் குழாய், ஒரு ஹேக்சா பிளேடு.

நான்காவது முடிவை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு குழுவைப் பிரித்துத் தனியே உட்கார வைப்பதில்லை. தவறான விதி முதல் வரிசையிலும் இருந்தது, கடைசி வரிசையிலும் இருந்தது. ஆகவே நான்கு பேர் குழுக்களில் ஒவ்வொரு விதிக்காரரும் ஒருவராவது இருக்கும்படி கலந்து உட்கார வைத்தோம். ஒரே விதிக்காரர்களைச் சேர்த்து வைத்தால் அவர்களுக்குள் வாதமே வராது.

வகுப்பில் நடந்தது

ஒரு மீட்டர் குழாய்தான் ‘ஒன்று’ என்று வைத்துக்கொண்டோம். பத்து சென்டிமீட்டர் துண்டு பத்திலொன்று, ஒரு சென்டிமீட்டர் துண்டு நூறிலொன்று. ஆயிரத்திலொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வாஷர். பத்து வாஷரை அடுக்கினால் ஒரு சென்டிமீட்டர் வருகிறதா என்று அளவுகோலை வைத்துப் பார்த்து எடுத்தோம். குழாயை அறுத்தது பிள்ளைகள்தான், நாங்கள் பக்கத்தில் நின்றோம்.

முதல் குழாயைப் பத்தாக அறுத்து, துண்டுகளை வராந்தாவில் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் அறுக்காத முழுக் குழாயை வைத்தபோது நீளம் பொருந்தவில்லை. கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. ஒவ்வொரு அறுப்பிலும் பிளேடின் தடிமன் அளவுக்குத் தூளாகப் போயிருக்கிறது. ஒரு மாணவன் தரையிலிருந்த தூளைக் காட்டி, “இதையும் சேர்த்தாத்தானுங்க ஒன்னு” என்றான். அந்தப் பாடவேளை முழுக்க இதிலேயே போனது. இரண்டாவது முறை, ஒரு மீட்டரை விட நீளமான குழாயில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அளந்து அறுத்தார்கள், பத்துத் துண்டும் ஒரு மீட்டரும் பொருந்தும் வரை விடவில்லை. பத்துப் பத்திலொன்று சேர்ந்தால் ஒன்று என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் இந்த உறுதி வந்திருக்காது.

அப்புறம் 4.8, 4.63. நான்கு முழுக் குழாய்கள் இரண்டு பக்கமும் சமம் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, ஒரு வரிசையில் எட்டு நீளத் துண்டுகள், இன்னொன்றில் ஆறு நீளத் துண்டும் மூன்று சிறு துண்டும். பார்த்ததுமே வகுப்பில் சலசலப்பு. ஒரு மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. “அறுபத்து மூணு துண்டு எங்கே? இங்கே ஒம்போதுதான் இருக்கு.” ஆசிரியை பதில் சொல்லாமல் கேள்வியை வகுப்பிடம் திருப்பினார். சிறு துண்டுகளை மட்டும் வைத்து அறுபத்து மூன்று அடுக்கலாம் என்று ஒரு குழு தொடங்கியது. அத்தனை சிறு துண்டுகள் கையில் இல்லாததால், பத்துச் சிறு துண்டுக்குப் பதில் ஒரு நீளத் துண்டு வைக்கலாமே என்று இன்னொரு குழு சொன்னது. அடுக்கி முடித்தபோது அதே ஆறும் மூன்றும்தான். அந்த மாணவியே கடைசியில் 63 நூறிலொன்றும், 6 பத்திலொன்றும் 3 நூறிலொன்றும் ஒன்றுதான் என்று சொன்னாள்.

0.9க்கு அடுத்து 0.10 என்றவளிடம் 0.10ஐ அடுக்கச் சொன்னோம். ஒரு நீளத் துண்டை வைத்தாள். பக்கத்தில் 0.9, ஒன்பது துண்டுகள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்பதின் முனையில் இன்னொரு துண்டைச் சேர்த்து, முழுக் குழாயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, “அப்போ ஒன்னு” என்றாள். யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.

ஓவர் கணக்குப் பையனிடம் அவன் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. ஓவரில் அவன் சொன்னபடிதான். அது ஆறு ஆறாக ஏறும் கணக்கு, இது பத்துப் பத்தாக ஏறும் கணக்கு. புள்ளி இருந்தும் தசமமாக இல்லாதவை எவை என்று ஒரு பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்தோம். சார்ட்டில் எழுதி ஒட்டிய அந்தப் பட்டியலில் பிள்ளைகள் பல நாள் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரு இணையை எழுதி, குழுக்களில் வாதம். இதற்கு ஆசிரியை ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: உன் விடையைச் சொல்லும் முன், உன்னோடு ஒத்துப்போகாதவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று நீ சொல்ல வேண்டும், அவர் ‘ஆமா, அப்படித்தான்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சத்தம் அதிகம்தான். பக்கத்து ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். ஆனால் தவறான விதியை ஒரு பிள்ளையின் வாயிலிருந்து இன்னொரு பிள்ளை கேட்டு, அதைத் தானே சொல்லிப் பார்க்கும்போது, அது எங்கே உடைகிறது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்ததைப் பலமுறை பார்த்தேன். கரும்பலகையில் தவறான விடைகளையும் எழுதினோம், யாருடையது என்று எழுதாமல்.

எண்ணைப் படிக்கும் முறையையும் மாற்றினோம். 4.63ஐ ‘நாலு, ஆறு பத்திலொன்று, மூணு நூறிலொன்று’ என்றோ, குறைந்தபட்சம் ‘நாலு புள்ளி ஆறு மூணு’ என்றோதான் வகுப்பில் சொல்வது. ஆசிரியர்களுக்குத்தான் இந்தப் பழக்கம் வரத் தாமதமானது. பிள்ளைகள் திருத்தினார்கள்.

பால் சங்க ரசீதும் உள்ளே வந்தது. ஒரு மாணவன் வீட்டு ரசீதைக் கொண்டுவந்தான். கொழுப்பு 4.1, கொழுப்பல்லாத திடப்பொருள் 8.2 என்கிற மாதிரி எண்கள். 0.1 ஏறினாலும் இறங்கினாலும் லிட்டருக்குக் கிடைக்கும் விலை மாறும் என்பது மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆவின் நீல நிறப் பாக்கெட்டில் அப்போது கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. 4.1 சதவீதப் பால் எண்கோட்டில் எந்த இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் வரும், எதற்குப் பக்கத்தில் வரும் என்று கேட்டபோது, சதவீதம் இன்னும் படிக்காத வகுப்பு அது என்பதே மறந்துவிட்டது. 4.1க்கும் 4.2க்கும் நடுவில் பால் இருக்க முடியுமா என்ற கேள்வியை ஒரு மாணவன் கேட்டான். எந்திரம் ஒரு இலக்கம்தான் காட்டுகிறது, பால் அப்படி நிறுத்திக்கொள்ளாது என்று அவனுக்கு இன்னொரு பையன் சொன்ன பதிலை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

இடைவெளியும் மறுதேர்வும்

ஐப்பசி மழையில் சில நாட்கள் விடுமுறை விட்டார்கள், தீபாவளியும் வந்தது. திரும்பி வந்ததும், முன்னறிவிப்பின்றி, புதிய இணைகளோடு அதே வகைத் தேர்வு. குழாய் இல்லை, பேச்சும் இல்லை.

‘நீளமானது பெரியது’ என்ற விதி ஏறக்குறைய மறைந்திருந்தது. புள்ளியைப் பிரிக்கும் கோடாகப் பார்த்தவர்களில் சிலர் மீட்டர், சென்டிமீட்டர் வரும் கணக்கில் மட்டும் பழையபடி எழுதினார்கள், வெறும் எண்ணில் எழுதவில்லை. மளிகைக் கடை மாணவி 0.25ஐக் கால் என்று எழுதி, பக்கத்திலேயே 0.250 என்றும் எழுதியிருந்தாள்.

‘குட்டையானது பெரியது’ என்றவர்கள்தான் பழைய விதிக்கே திரும்பிவிட்டார்கள். குழாய் கையில் இருந்தவரை சரியாகச் சொன்ன அந்த முதலிடத்துப் பையன், மறுதேர்வில் 0.47ஐ விட 0.3 பெரியது என்ற வகையிலேயே எழுதினான். இந்த விதி மேல் வகுப்புகளிலும் நீடிப்பதை மெல்போர்ன் ஆய்வும் கண்டிருக்கிறது. அவனிடம் பேசியபோது, மனதில் அவன் 3ஐயும் 47ஐயும் பின்னத்தின் கீழ் எண்ணாக வைத்துப் பார்ப்பது தெரிந்தது. மூன்றிலொரு பங்கு, நாற்பத்தேழிலொரு பங்கு. அப்படிப் பார்த்தால் 0.3 பெரியதாகத்தான் தோன்றும். அவனைப் போன்றவர்களுக்கு 0.3 = 3/10 = 30/100 என்று எழுதி, 30/100, 47/100 இரண்டையும் ஒரே எண்கோட்டில் குறிக்கும் வேலையைத் தனியாகக் கொடுத்தோம். குழாய்க்கும் எழுத்துக்கும் நடுவே அவர்களுக்கு இந்தப் படி தேவைப்பட்டது.

விளைவு

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களில் பெரிய மாற்றம் தெரியவில்லை. வினாத்தாளில் வந்தவை பெரும்பாலும் கூட்டலும் கழித்தலும், அவற்றைப் புரியாமலும் செய்துவிடலாம். மாற்றம் தெரிந்தது வேறு இடங்களில். 2.5ஐ 0.4ஆல் பெருக்கினால் 10 என்று ஒருவர் சொன்னபோது, “இரண்டரையில பாதி கூட இல்லை, எப்படிங்க பத்து வரும்?” என்று இன்னொருவர் கேட்டார். விதியை நினைவுபடுத்தாமல் புள்ளியின் இடத்தைத் தீர்மானிக்கும் பேச்சு இது. என் வகுப்பில் அளவீடுகளை எழுதும்போது 3.08, 3.80 என்று இலக்கங்களை விடாமல் எழுதத் தொடங்கினார்கள். போர்ஷன் கொஞ்சம் பின்தங்கியது. கூட்டல், கழித்தல் பகுதியை வழக்கத்தை விடச் சீக்கிரம் முடிக்க முடிந்ததால் பருவ முடிவுக்குள் சமாளித்துவிட்டோம்.

பூஜ்ஜியம் சேர்க்கும் விதியைப் பருவத்தின் கடைசியில் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். எட்டு நீளத் துண்டுகளோடு சிறு துண்டு எதுவும் வைக்காததைத்தான் அந்தப் பூஜ்ஜியம் சொல்கிறது என்று அவர்களால் விளக்கவும் முடிந்தது.

மாற்றிச் செய்யப்போவது

வரும் ஆண்டில் எண்ணிக்கொண்டே போகச் சொல்லும் கேள்வியும் ‘நடுவில் ஒரு எண்’ கேள்வியும் முதல் தேர்விலேயே இருக்கும். ஒப்பீட்டு இணைகள் மட்டும் போதாது, பிரிக்கும் புள்ளி விதியை அவை ‘நீளமானது பெரியது’ விதியிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை.

குழாயிலிருந்து நேராக எழுத்துக்குப் போகாமல், குழாயைக் கரும்பலகையின் கீழ் விளிம்பில் வைத்து அதன் மேலேயே எண்கோடு வரைந்து, பின்னமாகவும் தசமமாகவும் ஒரே புள்ளியைக் குறிக்கும் நாட்கள் நடுவில் சேர்க்கப்படும். ‘குட்டையானது பெரியது’ பிள்ளைகளுக்கு இது முதல் வாரத்திலேயே வேண்டும்.

எடையை எடுத்தால் மூன்று இலக்கத் தராசோடு இரண்டு இலக்கத் தராசின் எண்களையும் சேர்த்தே எடுப்பது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பால் சங்கத்தில் வேலை பார்க்கும் ஒரு பெற்றோர் பழைய ரசீதுகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பாடம் நடக்கும்போதே வைக்கும், விடை மட்டும் எழுதும் வளரறி மதிப்பீட்டுத் தாள்களில் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் கீழே ‘ஏன்’ என்று ஒரு வரி விடப்படும். அந்த வரிக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் ஆசிரியை முதலில் படிப்பது அதைத்தான்.

இணைகள் எழுதிய தாளையும், யார் எந்த விதியில் இருந்தார்கள், யார் திரும்பினார்கள் என்ற குறிப்பையும் எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோகிறோம். ஜூன் மாதம் முதல் வாரத்தில், சதவீதம் தொடங்கும் முன், அதே வகைத் தேர்வு மறுபடியும் நடக்கும்.